தூங்கினால் எழுவதில்லை

அக்டோபர் முடிவதற்குள் பாதை மூடிவிடும் என்றார்கள்.
ஸ்வானெத்தி மலைக்கு ஏறும் பால் வண்டியில்
என்னையும் ஏற்றி அனுப்பியது சாலைத் துறை.
பையில் இரண்டு பென்டிரைவ்,
ஒன்று பாதியில் கைவிட்டால் இன்னொன்று.

பனிச்சரிவுக் காவல் நிலையத்தின் கதவைத் திறந்த பெக்னு
வா என்றுகூடச் சொல்லவில்லை.
"லினக்ஸைப் போட்டுவிட்டுப் போ.
வண்டி நாலு மணிக்குத் திரும்பும்."
பார்க்காமல் போடமாட்டேன்.
"அதில் பார்க்க என்ன இருக்கிறது?"

போன வருஷம் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில்
பார்க்காமல் போட்டேன்.
பன்னிரண்டு இயந்திரம், ஒன்றிலும் வைஃபை இல்லை.
அந்தச் சில்லுக்கு டிரைவர் எழுத
யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.
மூன்று வாரம் என் பெயரைத் திட்டிக்கொண்டே
பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்தார்கள்.
இதை நான் பெக்னுவிடம் சொல்லவில்லை.

மேசைமேல் பதினோரு வயது மடிக்கணினி.
உடைந்த கீலுக்கு முட்டுக்கொடுத்து
பனிச்சறுக்குக் காலணியின் கம்பி.

ஆழம் தெரியாத ஆறு. முதலில் ஒரு கால்தான்.
வட்டைத் தொடாமல்
பென்டிரைவிலிருந்தே எழுப்பினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கொட்டியது.
"போச்சா?" என்றான்.
இல்லை, இப்போதுதான் பேசுகிறது.

உள்ளே யார் யார் என்று கேட்டேன்.
ஒவ்வொரு சில்லும் பெயர் சொன்னது, ஊர் சொன்னது.
வைஃபை சொன்னதும் மூச்சு விட்டேன்.
ஒன்று மட்டும் எண்ணைச் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டது:
கைரேகை பார்க்கும் பட்டை.
இது வேலை செய்யாது என்றேன்.
பெக்னு வலது கையை நீட்டினான்.
இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை, குளிர் தின்றிருந்தது.
"அதற்கு என்னை எப்போதுமே தெரியாது."

அடுத்ததுதான் என் பயம்.
வெளியே நாலு மீட்டர்க் கம்பத்தின் உச்சியில்
கீழ்நோக்கி ஒலி எறிந்து
பனியின் உயரம் அளக்கும் பெட்டி.
செய்த தொழிற்சாலையே இன்று இல்லை.
ஒன்பது ஊசிக் கேபிள், அதற்கொரு மாற்றி.
செருகினேன்.
ஒரு வரி வந்தது, பிறகு ஓர் எண்:
0.
0.
0.

பனியே இல்லாத நாளில்
சுழி என்பது பதிலா, மௌனமா?

கேட்டதும் அவன் எழுந்து வெளியே போனான்.
ஜன்னலில் பார்க்கிறேன்,
கம்பத்துக்கு நேர் கீழே போய் நின்றான்.
178.
குனிந்தான். 95.
கையசைத்தேன், போதும், வா.
அவன் வரவில்லை.
தரையில் மல்லாந்து படுத்தான்.
26.
26.
திரையில் அந்த எண் நெடுநேரம் மாறவே இல்லை.
உள்ளே வந்தபோது முதுகெல்லாம் புல்.
"கெலாவை நாங்கள் தோண்டி எடுத்த அன்று
இதில் 310 இருந்தது," என்றான்.
சட்டையைத் தட்டிக்கொண்டே
வேறு என்ன பாக்கி என்று கேட்டான்.

பாக்கி ஒன்றுதான். மூடியை மூடினேன், திறந்தேன்.
திரை வரவில்லை.
மறுபடி. மறுபடி.
ஏழாவது தடவைக்குப் பிறகு தாளில் எழுதினேன்:
தூங்கினால் எழுவதில்லை.
எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்,
வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.
"நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
இந்த அறையில் யார் மூடியை மூடப்போகிறார்கள்?"

கீழே பால் வண்டி ஹார்ன் அடித்தது.
பதினோரு குளிர்காலத்து எண்களை
இரண்டாவது பென்டிரைவுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.
அறுபது சதவீதம்.
ஹார்ன் இன்னொரு முறை.
எழுபத்திரண்டு.
அப்புறம் ஹார்ன் கேட்கவில்லை.

வட்டை முழுவதும் அழிக்கலாமா என்று கணினி கேட்டபோது
வெளியே இருட்டிவிட்டிருந்தது.
பெக்னு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
ஆம் என்று அழுத்தினேன்.

விடியற்காலை அறையில் வெளிச்சம் அதுமட்டும்தான்,
அணையாத அந்தத் திரை.
அதில் 2.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
கம்பத்தின் கீழே யாரும் இல்லை.